பன்னா ஸ்டெபாவின் வீடு

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு நிறைவுக் கூட்டத்தில், விடுதியில் தங்கிப் படித்த பழைய மாணவியர் சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



விடுதிப் பிள்ளைகள் சார்பில் ஒருவர் பேச வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது நாங்கள் ஒன்பது பேர் கூடினோம். கூடினோம் என்றால், நான்கு பேர் ஒரு வீட்டு விறாந்தையிலும் ஐந்து பேர் தொலைபேசியிலும். ரொறன்ரோவில் இருப்பவருக்கு அது விடியற்காலை, மெல்பேணில் இருப்பவருக்கு நித்திரை கொள்ளும் நேரம். ஒன்பது பேரும் சேர்ந்து எழுதிய உரை இது. வாசிப்பவர் மட்டுமே ஒருவர். ஆகவே இதில் 'நான்' இல்லை, 'நாங்கள்'தான்.

எங்களுக்குத் தரப்பட்ட தலைப்பு 'வகுப்பறைக்கு வெளியே கற்றவை' என்பது. விடுதிக் கதைகளைச் சொல்லி உங்களைச் சிரிக்க வைக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். பெட்டிக்குள் ஒளித்து வைத்த எள்ளுப்பாகு, படிப்பு நேரத்தில் புத்தகத்துக்குள் புத்தகம் வைத்து வாசித்த கதை, கிணற்றடி வாளிச் சண்டை, இப்படிப் பல இருந்தன. அவற்றோடு காட்டுவதற்கு எங்கள் மேற்றனின் படம் ஒன்று வேண்டும் என்று தேடத் தொடங்கினோம். அங்கேதான் நின்றுவிட்டோம்.

இந்த மண்டபச் சுவரைப் பாருங்கள். தொடக்க காலம் முதல் இருந்த அதிபர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். ஐம்பதாம் ஆண்டு மலரையும் எழுபத்தைந்தாம் ஆண்டு மலரையும் எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினோம். அதிபர்கள், உப அதிபர்கள், சங்கத் தலைவிகள், காரியதரிசிகள், பரிசு பெற்றவர்கள் எல்லோருக்கும் படமும் பெயரும் உண்டு. மேற்றன் ஒரேயொரு குழுப் படத்தின் ஓரத்தில், பாதி முகம் தெரிய நிற்கிறார். கீழே அச்சிட்டிருப்பது 'மற்றும் ஊழியர்கள்' என்பது மட்டுமே. இருபத்திரண்டு வருடம் எங்களை எழுப்பி, குளிக்க வைத்து, காய்ச்சலில் பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவர்.

அப்போது எங்களில் ஒருவர், சிறுவர் பராமரிப்பு நிலையங்களில் நெடுங்காலம் வேலை செய்தவர், தொலைபேசியில் சொன்னார்: "வார்சோவிலும் இப்படி ஒருவர் இருந்தார். அவரைப் பற்றிப் பேசுவமே." எங்களுக்கு அவரைத் தெரியாது. தேடி வாசித்தோம். அவரைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். மேற்றனிடம் பிறகு திரும்பி வருகிறோம்.

யானுஷ் கோர்ச்சாக்கின் பெயரை இங்கேயுள்ள ஆசிரியைகள் சிலர் பயிற்சிக் காலத்தில் கேட்டிருப்பீர்கள். போலந்து நாட்டு யூதர். குழந்தை வைத்தியர், எழுத்தாளர். அவருடைய இயற்பெயர் ஹென்றிக் கோல்ட்ஷ்மிட். வார்சோவில் அநாதைப் பிள்ளைகளுக்கான இல்லம் ஒன்றை நடத்தி, கடைசியில் அந்தப் பிள்ளைகளோடு நாசிகளின் கொலை முகாமுக்குப் போனவர். சிறுவர் உரிமை பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயம் 1989இல் நிறைவேறியது, இலங்கை அதனை 1991இல் ஏற்றது. அப்படி ஒரு சமவாயம் வேண்டும் என்று 1978இல் முதலில் முன்மொழிந்த நாடு போலந்து. அந்த நாட்டில் கோர்ச்சாக்கின் எண்ணங்கள் ஊறியிருந்ததை அதற்கு ஒரு காரணமாகப் பலரும் சொல்வார்கள்.

நாங்கள் பேச வந்தது அவரைப் பற்றி அல்ல. அந்த இல்லத்தை முப்பது வருடம் நாளாந்தம் நடத்திய பெண்ணைப் பற்றி. அவர் ஸ்டெபானியா வில்ச்சின்ஸ்கா. பிள்ளைகளுக்கு 'பன்னா ஸ்டெபா'. 'பன்னா' என்றால் போலிஷ் மொழியில் செல்வி.

1886இல் வார்சோவில் வசதியான யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அப்போது வார்சோ ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தது. அங்கேயுள்ள பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கு இடமில்லை. அதே ஊரில் பிறந்த மேரி கியூரி பாரிசுக்குப் போனது போல, ஸ்டெபா பெல்ஜியத்தின் லியேஜ் நகருக்குப் போய் இயற்கை விஞ்ஞானம் படித்தார். படித்துவிட்டு ஊர் திரும்பியவர், யூத அநாதைப் பிள்ளைகளுக்கான சிறிய இல்லம் ஒன்றில் தொண்டராகச் சேர்ந்தார். கோர்ச்சாக்கை அவர் சந்தித்தது அங்கேதான், 1909 அளவில். கவனியுங்கள், கோர்ச்சாக் வந்தபோது ஸ்டெபா ஏற்கெனவே அந்தப் பிள்ளைகளோடு இருந்தார். வரலாறு எழுதுகிறவர்கள் 'கோர்ச்சாக்கின் உதவியாளர்' என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். எங்களுக்கு அது சரியாகப் படவில்லை.

1912இல் குரோக்மால்னா தெரு 92ஆம் இலக்கத்தில் புதிய கட்டடம் எழுந்தது. அநாதைப் பிள்ளைகளுக்கு உதவும் சங்கம் ஒன்று நன்கொடை சேர்த்துக் கட்டியது. மின்சார விளக்கும் குழாய்த் தண்ணீரும் அறைகளைச் சூடாக்கும் வசதியும் இருந்தன. நிலக்கீழ் வீடுகளிலும் நெரிசலான அறைகளிலும் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது அரண்மனை. நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் ஐசக் பஷேவிஸ் சிங்கர் சிறுவனாக வளர்ந்ததும் அதே குரோக்மால்னா தெருவில்தான். தெருவின் மறு கோடியில்.

நூற்றுக்கு மேற்பட்ட பிள்ளைகள், ஆணும் பெண்ணும். ஏழு வயது முதல் பதினான்கு வரை. பிள்ளைகள் படிக்கப் போவது நகரத்துப் பாடசாலைகளுக்கு. ஆகவே குரோக்மால்னா இல்லம் பாடசாலை அல்ல. எங்கள் விடுதியைப் போல, பாடசாலை விட்டு வந்தபின் தொடங்கும் இடம். மணியடித்துப் பாடம் சொல்லிக் கொடுக்காத ஓர் இடத்தில் என்னென்ன படிக்கலாம் என்பதை அந்த இருவரும் செய்து பார்த்தார்கள்.

முதலில் வேலை. சமையலறை உதவி, கூட்டுதல், படுக்கையறை, நூலகம், சிறியவர்களைக் கவனித்தல் எல்லாவற்றையும் பிள்ளைகளே பங்கிட்டுச் செய்தார்கள். தண்டனையாகச் செய்யவில்லை. வேலைக்கு ஓர் அலகுக் கணக்கு இருந்தது. போதிய அலகுகள் சேர்ந்தால் ஞாபகார்த்தமாக ஒரு படத் தபாலட்டை கிடைக்கும். வெறும் தபாலட்டைதான். நாங்களும் விடுதி கூட்டினோம், எங்களுக்கு ஏச்சுத்தான் கிடைத்தது என்று மெல்பேண் சகோதரி இவ்விடத்தில் சேர்க்கச் சொன்னார். சேர்த்திருக்கிறோம்.

பிறகு அறிவித்தற்பலகை. பிள்ளைகளின் கண்மட்டத்தில் தொங்கியது. வாசிக்கத் தெரியாத பிள்ளையும் அதற்கு முன் போய் நிற்கும். தன் பெயர் எங்கே இருக்கிறது என்று தேடும். அடுத்த நாள் இன்னோர் எழுத்தைக் கேட்டு அறியும். அதோடு ஒரு கடிதப் பெட்டி. கேள்வியையோ முறைப்பாட்டையோ எழுதிப் போடலாம். பதில் உடனே வராது. காத்திருக்கவும், சொல்ல வந்ததை எழுதும் முன் யோசிக்கவும் அந்தப் பெட்டி பழக்கியது. காணாமற்போன சாமான்களுக்கு ஒரு கண்ணாடி அலுமாரி இருந்தது. ஒரு பொத்தான், ஒரு கயிற்றுத் துண்டு, உடைந்த பேனைமுனை. பெரியவர்களுக்குக் குப்பை. பிள்ளைக்கு அது சொத்து, ஆகவே அது பத்திரமாக வைக்கப்பட்டது.

புதிதாக வரும் பிள்ளைக்கு மூத்த பிள்ளை ஒருவர் பாதுகாவலர். மூன்று மாதம் அவர்தான் பொறுப்பு. இருவருக்கும் இடையே ஒரு கொப்பி. புதியவர் தன் மனத்தில் உள்ளதை எழுதுவார், மூத்தவர் பதில் எழுதுவார். சண்டைக்காரனாக வந்து திருந்திய பிள்ளையே பல வேளைகளில் நல்ல பாதுகாவலராக இருந்தது. எங்கள் விடுதியில் 'அக்கா முறை' என்று ஒன்று இருந்ததை நினைவிருக்கிறதா? முதல் வாரம் தலையணையை நனைத்துக்கொண்டு கிடந்த எங்களுக்கு ஒவ்வோர் அக்காவைப் பிடித்துத் தந்தவர் மேற்றன்தான். அதற்கு ஒரு சட்டமும் எழுதி வைத்திருக்கவில்லை. "இவ உன்ர தங்கச்சி, பார்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

எங்களை அதிகம் யோசிக்க வைத்தது அவர்களுடைய பிள்ளைகள் நீதிமன்றம். ஐந்து நீதிபதிகள், எல்லோரும் பிள்ளைகள். அந்த வாரத்தில் வழக்கு எதுவும் இல்லாத பிள்ளைகளுக்குள் சீட்டுப் போட்டுத் தெரிவார்கள். யாரும் யார்மீதும் வழக்கு வைக்கலாம், பெரியவர்கள் மீதும் வைக்கலாம். பெயரைப் பலகையில் எழுதினால் போதும். சட்டக்கோவையை எழுதியவர் கோர்ச்சாக். அதன் முதல் தொண்ணூற்றொன்பது பிரிவுகளும் மன்னிப்புக்கும் வழக்கைக் கைவிடுவதற்கும் உரியவை. நூறாம் பிரிவில்தான் மன்னிப்பு இல்லாத தீர்ப்புகள் தொடங்கும். பிறகு இருநூறு, முந்நூறு என்று ஏறி, ஆயிரமாம் பிரிவில் இல்லத்தை விட்டு விலக்கல். கோர்ச்சாக் மீதே அரை வருடத்தில் ஐந்து வழக்குகள் வந்தன. ஒரு பையனின் காதில் அடித்தது, ஒருவனைப் படுக்கையறையிலிருந்து வெளியேற்றியது, ஒரு பெண்பிள்ளையைக் கள்ளி என்று சந்தேகித்தது என்பவை அவற்றுள் சில. ஐந்தையும் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

இது நன்றாக நடந்தது என்று மட்டும் சொன்னால் அது முழு உண்மையாகாது. தொடக்கத்தில் பிள்ளைகள் அற்ப விடயங்களுக்கெல்லாம் வழக்கு வைத்தார்கள். சிலர் மன்னிப்பைக் கேலி செய்தார்கள். நீதிமன்றத்தைச் சில காலம் நிறுத்தி வைக்கவும் வேண்டியிருந்தது. திருத்தி, மீண்டும் தொடங்கினார்கள். எங்களில் சட்டத்தரணியாக இருப்பவர் சொல்கிறார்: தண்டனை கிடைக்காதென்று தெரிந்தும் ஒரு பிள்ளை வந்து உண்மையைச் சொல்லும் மன்றம் அமைப்பதுதான் கடினம். அவர்கள் அதை அமைத்துப் பழகினார்கள்.

இவற்றையெல்லாம் கண்டு எழுதிப் புகழ் பெற்றவர் கோர்ச்சாக். அவருக்கு வெளியில் ஆயிரம் வேலை. புத்தகங்கள் எழுதினார், விரிவுரை செய்தார். 1926இல் ஒரு யூத நாளிதழின் வெள்ளிக்கிழமை இணைப்பாகப் பிள்ளைகளே எழுதும் பத்திரிகையைத் தொடங்கினார். எழுதத் தெரியாத பிள்ளையும் அலுவலகத்துக்கு வந்து வாயால் சொல்லலாம், ஒருவர் எழுதிக்கொள்வார். போர் தொடங்கிய 1939 செப்டம்பர் வரை அந்த இணைப்பு வெளிவந்தது. வானொலியில் 'முதிய வைத்தியர்' என்ற பெயரில் பேசினார். யூதர் என்று தெரிந்தால் எதிர்ப்பு வரும் என்று வானொலியார் பெயரை மறைத்தார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்காக மரியா பால்ஸ்கா என்னும் அம்மையார் நடத்திய இன்னோர் இல்லத்துக்கும் ஆலோசகராக இருந்தார்.

அப்படியானால் அந்த நூறு பிள்ளைகளுக்கும் காலையில் பாண் வெட்டியது யார்? சப்பாத்துக்கு அளவெடுத்தது, படுக்கை நனைத்த பிள்ளையை ஒருவரும் அறியாமல் மாற்றியது, அலகுக் கணக்கு எழுதியது, பால்காரனோடு பேரம் பேசியது? நீதிமன்றச் சட்டம் எழுதினவர் ஒருவர். செவ்வாய்க்கிழமை இரவு சண்டை பிடித்த இருவரையும் பிரித்து, கழுத்துப்பட்டி கிழிந்ததைத் தைத்து, "வழக்கை நாளைக்கு எழுது, இப்ப படு" என்று சொல்ல வேண்டியவர் இன்னொருவர். படங்களில் ஸ்டெபா கறுத்த எளிய உடையோடும் கட்டையாக வெட்டிய தலைமுடியோடும் இருக்கிறார். உயரமானவர். பிள்ளைகளுக்கு அவரிடம் கொஞ்சம் பயம். கோர்ச்சாக்கிடம் ஓடிப் போய்த் தொங்குவார்கள், ஸ்டெபா வந்தால் நேராக நிற்பார்கள். அவர் விளையாட்டுக் காட்டலாம். அவர் விளையாட்டுக் காட்டிவிட்டுப் போனபின் விளக்கை அணைக்க ஒருவர் வேண்டும்.

1914இல் முதலாம் உலகப் போர் வந்தது. கோர்ச்சாக்கை ரஷ்யப் படை வைத்தியராக அழைத்தது. நான்கு வருடம் கழித்து, 1918இல்தான் திரும்பினார். அந்த நான்கு வருடமும் பஞ்சம், நோய், ஜேர்மன் ஆக்கிரமிப்பு எல்லாவற்றினூடாகவும் இல்லத்தை நடத்தியவர் ஸ்டெபா. புதிய இல்லம் திறந்து இரண்டே வருடமாகியிருந்தது. 'பிள்ளையை எப்படி நேசிப்பது' என்ற தம் முக்கியமான நூலைக் கோர்ச்சாக் அந்தப் போர்க்களத்தில்தான் எழுதினார். ஒருவர் தூரத்தில் இருந்து பிள்ளைகளைப் பற்றி எழுத முடிந்தது, இன்னொருவர் பிள்ளைகளோடு இருந்ததால்தான். நூலின் பெருமையைக் குறைக்க இதைச் சொல்லவில்லை. கணக்கில் விடுபட்டதைச் சேர்க்கிறோம்.

ஸ்டெபாவிடம் நாங்கள் மிகவும் மதிப்பது இன்னொரு வேலை. வறிய இளைஞர்களுக்கும் யுவதிகளுக்கும் இல்லத்தில் தங்க இடமும் சாப்பாடும் கொடுத்தார்கள். பதிலாக அவர்கள் நாளுக்குச் சில மணி நேரம் பிள்ளைகளோடு வேலை செய்ய வேண்டும். பலர் ஆசிரியப் பயிற்சி மாணவர், சிலர் அதே இல்லத்தில் வளர்ந்தவர்கள். ஒவ்வொருவரும் அன்றன்று கண்டதைக் கொப்பியில் எழுதி வைப்பார்கள். எந்தப் பிள்ளை ஏன் அழுதது, தமக்கு ஏன் கோபம் வந்தது என்று. ஸ்டெபா அத்தனை கொப்பிகளையும் வாசித்து ஓரத்தில் பதில் எழுதி வைப்பார். நாள் முழுக்க வேலை செய்துவிட்டு, பிள்ளைகள் நித்திரையானபின். பட்டமும் இல்லை, சான்றிதழ் விழாவும் இல்லை. ஒரு தலைமுறை பிள்ளை வளர்ப்போர் அந்தக் கொப்பி ஓரங்களில் படித்தார்கள். இன்று எங்கள் பேரப்பிள்ளைகள் ஒரு ரியூசன் வகுப்பிலிருந்து இன்னொரு ரியூசன் வகுப்புக்கு ஓடுவதைப் பார்க்கும்போது, யாராவது அவர்களுடைய கொப்பியின் ஓரத்தில் புள்ளியைத் தவிர வேறு ஏதாவது எழுதுகிறார்களா என்று கேட்கத் தோன்றுகிறது. இது உரைக்குப் புறம்பான கேள்வி. விட்டுவிடுவோம்.

அவரைப் பற்றிச் சொல்லப்படும் ஒரு சம்பவம் உண்டு. நாற்பது வயதைத் தாண்டியபின் ஒரு நாள் தம்மை இனி 'பன்னா' என்று அழைக்க வேண்டாம், 'பானி' என்று அழையுங்கள் என்று பிள்ளைகளுக்கு அறிவித்தாராம். பானி என்றால் திருமதி. இத்தனை பிள்ளைகள் உள்ள ஒருத்தியைச் செல்வி என்று அழைப்பது பொருந்தாது என்பது காரணம். இருந்தாலும் நாங்கள் பழைய பிள்ளைகள் சிலரைப் போலப் பன்னா ஸ்டெபா என்றே சொல்கிறோம். எங்கள் மேற்றனும் கடைசி வரை 'மிஸ்'தான்.

1930களில் ஸ்டெபா சில தடவை பலஸ்தீனத்துக்குப் போனார். அங்கே ஐன் ஹரோட் என்ற கூட்டுப் பண்ணைக் குடியிருப்பில் அவருடைய பழைய மாணவி ஒருவர் இருந்தார். ஸ்டெபாவும் அங்கே பிள்ளைகளின் இல்லத்தில் வேலை செய்தார். அங்கேயே இருந்துவிடும் எண்ணம் அவருக்கு இருந்தது. ஐம்பது வயதைத் தாண்டியவர், உழைத்துக் களைத்தவர், பாதுகாப்பான ஓர் இடம் கிடைத்தவர். ஆனால் 1939 வசந்த காலத்தில் வார்சோவுக்குத் திரும்பினார். சில மாதங்களில் ஜேர்மனி போலந்துக்குள் நுழைந்தது. 1940இல் ஐன் ஹரோட் நண்பர்கள் அவரை வெளியே எடுக்க வழி செய்தார்கள். செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் அவர் பதில் அனுப்பினார். பிள்ளைகளை விட்டு வர முடியாது என்பதே அதன் சாரம்.

இந்த இடத்தில் எங்கள் ஒன்பது பேருக்குள்ளும் வாக்குவாதம் வந்தது. எங்களில் ஐந்து பேர் நாட்டை விட்டுப் போனவர்கள். "இதை மேடையில் சொன்னால், போனவர்களைக் குற்றம் சொல்வது போல் இருக்காதா?" என்று லண்டன் சகோதரி கேட்டார். நியாயமான கேள்வி. பிள்ளைகளோடும் முதிய பெற்றோரோடும் போனவர்கள் எதை விட்டு எதைக் காக்கப் போனார்கள் என்பது அவரவருக்குத் தெரியும். அவர்களுடைய போரையும் எங்களுடைய போரையும் ஒப்பிடவும் நாங்கள் வரவில்லை. ஒப்பிட முடியாது. ஸ்டெபா திரும்பி வந்ததை ஓர் அளவுகோலாக அல்ல, நடந்ததாகத்தான் சொல்கிறோம். அவர் திரும்பியதால் பிள்ளைகள் பிழைக்கவில்லை. அவர்கள் தனியாக இருக்கவில்லை என்பது மட்டுமே.

1940 நவம்பரில் இல்லம் முழுவதும் கெற்றோ என்னும் மதில் கட்டிய யூதச் சிறைப்பகுதிக்குள் மாற்றப்பட்டது. பிள்ளைகளின் உருளைக்கிழங்கு வண்டியைப் பறித்ததைக் கேட்கப் போன கோர்ச்சாக்கைப் பிடித்துச் சில வாரம் சிறையில் வைத்தார்கள். மறுபடியும் ஸ்டெபா தனியாக. அடுத்த வருடம் இன்னும் சிறிய இடத்துக்கு மாற வேண்டியிருந்தது. வெளியே தெருவில் பிள்ளைகள் பசியால் செத்துக் கிடந்தார்கள். உள்ளே வேலைப் பங்கீடும் நீதிமன்றமும் பாடமும் நடந்தன.

1942 ஜூலை 18ஆம் திகதி அந்தப் பிள்ளைகள் ஒரு நாடகம் நடித்தார்கள். அது இரவீந்திரநாத் தாகூரின் 'தபால் நிலையம்'. ஆம், 1934இல் எங்கள் நாட்டுக்கு வந்து ஹொரணையில் ஸ்ரீ பாலி கல்லூரிக்கு அடிக்கல் நாட்டிய அதே தாகூர். அமல் என்ற நோயாளிச் சிறுவன் வெளியே போகக் கூடாதென்று அறைக்குள் வைக்கப்படுகிறான். யன்னலால் போவோர் வருவோரோடு பேசுகிறான். அரசனிடமிருந்து தனக்குக் கடிதம் வரும் என்று காத்திருக்கிறான். மரணத்தை அமைதியாக ஏற்கப் பிள்ளைகளைப் பழக்கவே இந்த நாடகம் தெரிவு செய்யப்பட்டதாகச் சொல்வார்கள். அப்படியும் இருக்கலாம். ஆனால் நாடகம் பழகுவது என்றால் என்ன என்று விடுதியில் இருந்த எங்களுக்குத் தெரியும். யார் அமல், யார் பூ விற்கும் பெண் என்ற சண்டை. பழைய சேலையில் திரை. வசனம் மறந்தவருக்கு மேடைக்குப் பின்னாலிருந்து மெல்லிய குரலில் எடுத்துக் கொடுப்பது. மதிலுக்குள் அடைபட்டிருந்த பிள்ளைகளுக்கு அந்தச் சில வாரங்கள் அதைக் கொடுத்திருக்கும். அதுவும் சிறிய விடயமல்ல.

நான்கு நாளில், ஜூலை 22இல், வார்சோ யூதர்களைக் கொலை முகாமுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். ஓகஸ்ட் முதல் வாரத்தில் ஒரு காலை இல்லத்துக்கு வந்தார்கள். ஏறக்குறைய இருநூறு பிள்ளைகள். கோர்ச்சாக் ஒரு பகுதிப் பிள்ளைகளோடும் ஸ்டெபா இன்னொரு பகுதியோடும், மற்ற ஊழியர்களும் சேர்ந்து, வரிசையாக நகரத்தினூடாகப் புகையிரதத் தரிப்புக்கு நடந்தார்கள். அங்கிருந்து திரெப்ளிங்கா. ஒருவரும் திரும்பவில்லை.

திரெப்ளிங்காவில் இன்று முகாம் இல்லை. பதினேழாயிரம் கற்கள் நாட்டப்பட்ட நினைவிடம் இருக்கிறது. பல கற்களில் ஊர்ப் பெயர்கள் உண்டு, அந்தந்த ஊரிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்களுக்காக. தனி மனிதர் ஒருவரின் பெயர் பொறித்த கல் ஒன்றே ஒன்றுதான். அதில் 'யானுஷ் கோர்ச்சாக்கும் பிள்ளைகளும்' என்று எழுதியிருக்கிறது.

ஸ்டெபாவின் பெயர் அதில் இல்லை.

குரோக்மால்னா தெருக் கட்டடம் போரில் சேதமடைந்தாலும் நிற்கிறது. தெருப் பெயர் மாறிவிட்டது. கோர்ச்சாக் இருந்த மேல்மாடத்து அறை எரிந்துபோனது, திரும்பக் கட்டவில்லை. அந்த இல்லத்தில் வளர்ந்து வெளியேறி, உலகின் வேறு மூலைகளுக்குப் போய்ப் பிழைத்தவர்கள் சிலர் இருந்தார்கள். யிற்சாக் பெல்பர் என்பவர் இஸ்ரேலில் ஓவியராகித் தொண்ணூறு வயதைத் தாண்டியும் அந்த இல்லத்தை வரைந்துகொண்டிருந்தார். ஸ்டெபா தம் பழைய பிள்ளைகளுக்கு எழுதிய கடிதங்களும் சில தப்பியிருக்கின்றன. அவரைப் பற்றி இன்று அறியக் கிடைப்பதில் பெரும் பகுதி பழைய பிள்ளைகள் வைத்திருந்து கொடுத்தது. சங்கக் கூட்டத்தில் நின்று இதைச் சொல்வதற்குக் காரணமும் அதுதான்.

எங்கள் மேற்றனிடம் வருவோம். அவர் கண்டிப்பானவர், அதை மறைக்க வேண்டியதில்லை. வீட்டிலிருந்து வந்த பனங்காய்ப் பணியாரத்தை அவர் பறித்துக்கொண்டு போனதுண்டு. அது எங்கே போனது என்பது ஒன்பது பேருக்கும் இன்றுவரை தெரியாது. நாங்கள் அவருக்குப் பட்டப்பெயர் வைத்தோம். அவர் நடப்பது போல நடந்து காட்டிச் சிரித்தோம். எண்பதுகளில் ஒரு தவணை முடிவில் ஊரடங்கு போட்டார்கள். பெற்றோர் வரமுடிந்த பிள்ளைகள் போய்விட்டார்கள். பதினொரு பேர் மிஞ்சினோம். எங்களில் மூன்று பேர் அந்தப் பதினொருவருக்குள் இருந்தவர்கள். மேற்றனின் ஊர் நடந்து போகும் தூரம், வீட்டில் அவருடைய தாயார் சுகமில்லாமல் இருந்தார். அவர் போகவில்லை. ஒன்பது நாள் எங்களோடு இருந்தார். அரிசி முடிந்தபின் ஒடியல் மாக்கூழ் காய்ச்சித் தந்தார். இரவில் லாம்பைக் குறைத்துவிட்டு, பயப்படாமல் இருக்க எங்கள் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு கதை சொல்லச் சொன்னார். தானும் ஒரு கதை சொன்னார். அதுவரை அவருக்குக் கதை சொல்லத் தெரியும் என்றே எங்களுக்குத் தெரியாது.

பத்தாம் நாள் எங்கள் அப்பாமார் வந்தார்கள். நாங்கள் ஓடிப் போனோம். நன்றி சொன்னோமா என்று மூவரும் யோசித்துப் பார்த்தோம். ஒருவருக்கும் ஞாபகமில்லை. பிறகு இடப்பெயர்வு, பிறகு பரீட்சை, பிறகு வெளிநாடு, கலியாணம். மேற்றன் எப்போது காலமானார் என்பதை நாங்கள் நாலைந்து வருடம் கழித்துத்தான் அறிந்தோம். செத்த வீட்டுக்கு விடுதிப் பிள்ளைகள் ஒருவரும் போகவில்லை.

மலர்க் குழுவிடம் நாங்கள் ஒரு வேண்டுகோள் வைத்தோம், அவர்கள் மறுக்கவில்லை. இந்த உரைக்கு அடுத்த இரண்டு பக்கங்களில் விடுதி மேற்றன்மார், சமையல் அம்மாமார், காவற்காரர், தண்ணீர் இறைத்தவர்கள், வைத்தியசாலைக்கு எங்களைக் கூட்டிப் போனவர்கள் எல்லோருடைய பெயர்களும் போடப்படும். நூறு வருடத்துக்கும். பழைய சம்பளப் புத்தகங்கள் போரில் அழிந்துவிட்டன. ஆகவே உங்கள் ஞாபகத்தைத் தவிர வேறு பதிவு இல்லை. இதுவரை முப்பத்தொரு பெயர்கள் சேர்ந்திருக்கின்றன. பதினான்கு பேருக்கு முழுப் பெயர் உண்டு. மற்றவர்கள் 'பெரியக்கா', 'கிணற்றடி ஐயா' என்ற அளவில்தான். அறுபதுகளில் சமையலறையில் இருந்த, இடது கையில் சுட்ட தழும்புள்ள ஆச்சியை ஆறு பேர் தனித்தனியாக எழுதி அனுப்பியிருக்கிறார்கள். ஆறு பேருக்கும் அவர் வைத்த சொதி ஞாபகம் இருக்கிறது. பெயர் தெரியவில்லை.

தெரிந்தவர்கள் மலர்க் குழுவுக்கு எழுதுங்கள். அச்சுக்குப் போக இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. அதற்குப் பிந்தி வரும் பெயர்களுக்காகப் பக்கத்தின் அடியில் இடம் விடச் சொல்லியிருக்கிறோம், கையால் எழுதிக்கொள்ளலாம்.